எங்களுக்கு மயான காண்டம் வேண்டும்: நகர அரங்க நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நகர அரங்க நிர்வாகத்தினருக்கும் நாடக விழாக் குழுவினருக்கும் வணக்கம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை அரிச்சந்திரா நாடகம் முடிந்ததும் உங்களில் ஒருவர் மைக்கைப் பிடித்து, "நம் ஊர் ஜனங்களுக்கு ஒரு நாடகத்தை முழுதாக உட்கார்ந்து பார்க்கும் பொறுமை போய்விட்டது" என்று வருத்தப்பட்டாராம். கடைசிவரை இருந்த தோழி மறுநாள் சொன்னாள். பாதியில் எழுந்து போன அந்த ஜனங்களில் நானும் ஒருத்தி. என்னுடன் எழுபத்தொரு வயதான அத்தையும் ஐந்தாம் வகுப்பு படிக்கும் மகளும் வந்திருந்தார்கள். அந்தப் பேச்சைக் கேட்டதிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை.

என் வேண்டுகோளை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டிக்கெட்டில் 6.30 மணி என்று அச்சிட்டால் 6.30 மணிக்குத் திரையை விலக்குங்கள். பொன்னாடை, நினைவுப் பரிசு, சிறப்புரை எல்லாவற்றையும் நாடகத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

அன்று நடந்தது உங்களுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் மேடையில் இருந்து பார்ப்பவர்களுக்கும் பதினேழாவது வரிசையில் இருந்து பார்ப்பவர்களுக்கும் ஒரே மாலை வேறு வேறாகத் தெரியும் என்பதால் எழுதுகிறேன். எங்கள் ஊர் அரங்கிலிருந்து 24 கிலோமீட்டர். கடைசி பஸ் இரவு 9.20-க்கு. அரங்கிலிருந்து பேருந்து நிலையத்துக்கு அத்தையின் நடைக்குக் கால் மணி நேரம் ஆகும். நாடகம் இரண்டு மணி பத்து நிமிடம் என்று உங்கள் அறிவிப்பிலேயே இருந்தது. 6.30-க்குத் தொடங்கினால் 8.40-க்கு முடிந்துவிடும், நிதானமாக நடந்துபோய் பஸ்ஸில் இடம் பிடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டுத்தான் டிக்கெட் எடுத்தேன்.

ஆறே காலுக்கு உள்ளே போய் உட்கார்ந்தோம். முன்வரிசைகள் மூன்றும் கயிறு கட்டிக் காலியாகக் கிடந்தன. 7 மணிக்குச் சிறப்பு விருந்தினர் வந்தார். குத்துவிளக்கு ஏற்றினார்கள். வரவேற்புரை சொன்னவர் மேடையில் இருந்த ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி வரவேற்றார். அடுத்துப் பேசியவர்களும் அதே பெயர்களை அதே வரிசையில் சொன்னார்கள். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் அபிமன்யு சுந்தரி நாடகத்தை ஒரே இரவில் எழுதி முடித்த கதையை ஒருவர் சொன்னார். காந்தி சிறுவயதில் அரிச்சந்திரா நாடகத்தைப் பார்த்து, எத்தனை தரம் பார்த்தாலும் சலிக்காமல் அதையே நினைத்துக்கொண்டிருந்ததை இன்னொருவர் சொன்னார். எல்லாம் நல்ல செய்திகள்தாம். நாடகம் முடிந்த பிறகு சொல்லியிருந்தால் இன்னும் நன்றாக மனத்தில் தங்கியிருக்கும். அந்த நேரத்தில் தண்ணீர் குடிக்க எழுந்துபோன என் மகள், பக்கவாட்டுக் கதவு இடுக்கில் எட்டிப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள். "அம்மா, லோகிதாசன் பெட்டிமேல் தலை வைத்துத் தூங்குகிறான்" என்றாள். முகத்தில் அரிதாரம் பூசி, கிரீடம் வைத்து, அரிச்சந்திரனின் மகன் லோகிதாசனாக நடிக்க வந்த அந்தச் சிறுவனை எத்தனை மணியிலிருந்து உட்கார வைத்திருந்தீர்களோ தெரியவில்லை. திரை விலகியபோது மணி 7.45.

அதற்குப் பிறகு குறை சொல்ல ஒன்றுமில்லை. அரிச்சந்திரனாக நடித்தவரின் குரல் மைக் இல்லாமலே கடைசி வரிசைக்கு வந்தது. நாட்டை விட்டு நடந்து, காசிக்குப் போய், மனைவியையும் மகனையும் காலகண்டர் என்பவருக்கு விற்கும் இடத்தில் அத்தை என் கையைப் பிடித்தவர் விடவே இல்லை. தர்ப்பை அறுக்கப் போன லோகிதாசனைப் பாம்பு தீண்டியது. செய்தி கேட்டு ஓடப் பார்த்த தாய் சந்திரமதியை, "வீட்டு வேலையை முடித்துவிட்டுப் போ" என்று தடுத்தார்கள். அவள் அரைத்து, பெருக்கி, தண்ணீர் சுமந்து, அழுகையை அடக்கிக்கொண்டு வேலை செய்கிறாள். அரங்கில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. நான் கைப்பேசியைப் பார்த்தேன். மணி 9.

எழுந்தோம். எங்களைப் போலவே முப்பது, நாற்பது பேர் எழுந்திருப்பார்கள். அந்த நாற்காலிகள் ஆள் எழுந்தால் பட்டென்று மடிகிறவை அல்லவா? ஒன்றன்பின் ஒன்றாகப் பட், பட் என்று அடித்துக்கொண்டன. சந்திரமதியாக நடித்த அம்மா ஒரு கணம் நிமிர்ந்து எங்கள் பக்கம் பார்த்தார். பிறகு மறுபடியும் குனிந்து பெருக்கத் தொடங்கினார். அந்தப் பார்வைக்கு நான் என்ன பதில் சொல்வேன்? அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் போல இருந்தது. இப்போதும் இருக்கிறது.

பஸ்ஸில் அத்தை வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "பிள்ளையைத் தூக்கக்கூட விடாமல் அவளை அப்படியே விட்டுவிட்டு வந்துவிட்டோமே" என்றார். மகள் மீதிக் கதையைக் கேட்டாள். என்ஜின் இரைச்சலுக்கு மேலே குரலை உயர்த்தி அத்தை சொல்ல ஆரம்பித்தார். இறந்த பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் சுடுகாட்டுக்கு வருவதும், வெட்டியானாக நிற்கும் அரிச்சந்திரன் கால் பணமும் முழத் துண்டும் வாய்க்கரிசியும் கேட்பதும், என்னிடம் ஒன்றுமில்லையே என்று அவள் அழ, கழுத்தில் தாலி இருக்கிறதே என்று அவன் சொல்வதும், கணவன் கண்ணுக்கு மட்டுமே தெரியும் தாலி அது என்பதால் அவன் யாரென்று அவளுக்குப் புரிவதும். அந்த இடத்தில் அத்தைக்குக் குரல் கம்மிவிட்டது. எங்கள் நிறுத்தமும் வந்துவிட்டது. நூறு ரூபாய் டிக்கெட் மூன்று வாங்கியும், என் மகள் சுடுகாட்டில் நடக்கும் இந்த மயான காண்டத்தைப் பஸ் இருக்கையில் காதால்தான் கேட்டாள்.

பொறுமை இல்லை என்கிறீர்களே, அதுதான் சுடுகிறது. இந்த அத்தை யார் தெரியுமா? எங்கள் அம்மன் கோயில் திருவிழாவுக்கு நாடகம் வைத்தால், இரவு பத்து மணிக்கு மேல் ஆர்மோனியக்காரர் பாட்டெடுப்பதற்கு முன்பே கோரைப்பாயைச் சுருட்டிக்கொண்டு போய் இடம் பிடிப்பவர். கோமாளியான பபூன் வந்து போய், கதாநாயகனான ராஜபார்ட்டும் நாயகியான ஸ்திரீபார்ட்டும் தர்க்கம் செய்து, விடிய விடிய நடக்கும். அரிச்சந்திரா என்றால் மயான காண்டம் வரக் கோழி கூவும் நேரம் ஆகிவிடும். தூங்கிக் கிடக்கும் எங்களைத் தட்டி எழுப்பி, "எழுந்திருங்கள் பிள்ளைகளா, மயான காண்டம் வந்துவிட்டது" என்று முகத்தைத் துடைத்து உட்கார வைப்பார். எந்த ஊர் ஜனங்களும் நடுவில் எழுந்து போனதில்லை. போக வேண்டிய தேவை இல்லை. நாடகம் முடியும்போது முதல் பஸ் ஓடத் தொடங்கியிருக்கும். விடியும்வரை ஈர மண்ணில் உட்கார்ந்து பார்த்த மனுஷிக்கு உங்கள் மெத்தை நாற்காலியில் இரண்டு மணி நேரம் உட்காரப் பொறுமை இருக்காதா? இப்போதெல்லாம் எங்கள் ஊர்த் திருவிழாவில் நாடகத்துக்குப் பதிலாகப் பாட்டுக் கச்சேரிதான் வைக்கிறார்கள். அதனால்தான் உங்கள் அரங்கைத் தேடி வருகிறோம்.

சங்கரதாஸ் சுவாமிகளை நீங்கள் ஒவ்வொரு விழாவிலும் நினைவுகூர்கிறீர்கள். அதற்கு உண்மையாகவே நன்றி. 1867-இல் தூத்துக்குடியில் பிறந்து, 1918-இல் மதுரையில் சிறுவர்களைச் சேர்த்து நாடக சபை தொடங்கி, 1922-இல் மறையும்வரை நாடகமே வாழ்க்கையாக இருந்தவர். அவர் எழுதிய நாடகங்களைத் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வைத்திருப்பது வயல்வெளியிலும் கோயில் திடலிலும் பாய் விரித்து உட்கார்ந்த கூட்டம். அந்தக் கூட்டத்தின் பிள்ளைகள் உங்கள் அரங்கின் பின்வரிசைகளில் இருக்கிறார்கள். கடைசி பஸ்ஸில் ஊர் திரும்ப வேண்டியவர்களும் அவர்களே.

எழுத உட்கார்ந்ததும் மற்றக் குறைகளும் முந்திக்கொண்டு வருகின்றன. பெண்கள் கழிப்பறை ஒன்று இன்னும் பூட்டியே இருக்கிறது. சாவி யாரிடம் என்று கேட்டால் வாயில்காப்பவருக்கும் தெரியவில்லை. படியேற முடியாதவர்களுக்குச் சாய்தளம் வாசலில் இருக்கிறது, உள்ளே வரிசைகளுக்குப் போக இல்லை. கட்டிய கயிற்றை அவிழ்க்காமல் முன்வரிசையின் பாதி இருக்கைகள் கடைசிவரை காலியாகவே இருந்தன, காது மந்தமான அத்தையை அங்கே உட்கார வைக்கக் கேட்டதற்கு, "வி.ஐ.பி. வரலாம்" என்று மறுத்துவிட்டார்கள். நகரசபை வரிப் பணத்தில் கட்டிய அரங்கில் காசு கொடுத்து டிக்கெட் வாங்கியவருக்கு இடமில்லை, வராதவருக்கு இடம் இருக்கிறது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. இவற்றைச் சரிசெய்யப் பணமும் ஆளும் வேண்டும் என்றால் காத்திருக்கிறோம். குறித்த நேரத்தில் தொடங்க ஒரு பைசாவும் வேண்டாம்.

சிறப்பு விருந்தினர் தாமதமாக வந்தால் என்ன செய்வது என்று நீங்கள் கேட்கலாம். நாடகத்தைத் தொடங்கிவிடுங்கள். வருபவர் வந்து உட்கார்ந்து பார்க்கட்டும். முடிந்ததும் கலைஞர்களை வேடத்தோடு மேடையில் நிறுத்தி, அவர்களுக்கு முதலில் பொன்னாடை போர்த்துங்கள். பார்த்துவிட்டுப் பேசுகிறவருக்குச் சொல்லவும் விஷயம் இருக்கும். உள்ளூர்க்காரர்கள் இருந்து கேட்பார்கள், நாங்கள் பஸ் பிடிப்போம்.

கோபத்தில் ஏதேனும் சொல் தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த ஊரில் நாடகம் போட ஓர் இடம் வைத்து, விழா எடுத்து, குழுக்களை அழைத்து வருகிறவர்கள் நீங்கள். அந்த உழைப்பை மதிப்பதால்தான் வேறு யாருக்கும் எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன். அடுத்த மாதம் நல்லதங்காள் நாடகம் என்று தட்டி வைத்திருக்கிறீர்கள். அத்தை வேண்டாம் என்றுதான் சொன்னார். "பாதியில் வர நான் வரவில்லை" என்றார். கடைசிவரை பார்த்துவிட்டு வருவோம் என்று நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன். மூன்று டிக்கெட்டும் வாங்கிவிட்டேன். அதிலும் 6.30 மணி என்றுதான் போட்டிருக்கிறது.

தயவுசெய்து 6.30-க்குத் திரையை விலக்குங்கள்.

இப்படிக்கு,
பதினேழாவது வரிசையில் இருந்து,
கடைசி பஸ்ஸில் ஊர் திரும்பும் ஒரு ரசிகை