சிறு வீட்டுக் கூரைக்கும் சோலார் கட்டுப்படியாக வேண்டும்: மின்சார ஒழுங்குமுறை ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாடியில் ஒரு கிலோவாட் சோலார் பலகை பொருத்தினால், நம் ஊர் வெயிலுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 யூனிட், அதாவது இரண்டு மாதத்துக்குச் சுமார் 240 யூனிட் கிடைக்கும். வெயில் எல்லாக் கூரைக்கும் ஒன்றுதான் என்றாலும், அதனால் கைக்கு வரும் பணம் வீட்டுக்கு வீடு பெரிதும் மாறுகிறது.

2024 ஜூலைக் கட்டணப்படி, இரண்டு மாதத்தில் 800 யூனிட் செலவழிக்கும் வீட்டுக்கு 4,770 ரூபாய் வருகிறது. அதில் 240 யூனிட் கழிந்தால் உயர்ந்த கட்டணப் படிகளில் உள்ள யூனிட்டுகளே முதலில் குறைவதால், 2,200 ரூபாய்க்கு மேல் மிச்சமாகும். 200 யூனிட் செலவழிக்கும் வீடோ முதல் 100 யூனிட் இலவசம் போக 235 ரூபாய்தான் கட்டுகிறது. எவ்வளவு உற்பத்தி செய்தாலும் அதற்கு மேல் அங்கே மிச்சம் பிடிக்க ஏதுமில்லை. ஒன்றிய அரசின் சூரிய வீடு திட்டம் ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய் மானியம் தருகிறது. அது போகக் கைக்காசு 35,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், முதல் வீட்டில் மூன்று ஆண்டுக்குள் போட்ட பணம் திரும்பிவிடும். இரண்டாவது வீட்டில் அது திரும்புவதற்குள் பலகையின் ஆயுளே முடிந்துவிடும்.

இரண்டாவது வீட்டின் கூரையில் உற்பத்தியாகும் மற்ற யூனிட்டுகளின் பயன் எங்கே போகிறது என்பதை ஆணையம் கவனிக்க வேண்டுகிறேன். அந்த வீட்டின் 100 இலவச யூனிட்டுக்கு அரசு ஆண்டுதோறும் மின்வாரியத்துக்குக் கொடுக்கும் மானியம் குறைகிறது. செலவு வீட்டுக்காரருடையது, ஆதாயத்தின் பெரும்பகுதி கருவூலத்தினுடையது என்ற நிலையில், அவர் சோலாருக்கு முன்வரவில்லை என்று குறைசொல்வது நியாயமாகாது.

நண்பகல் மின்சாரம் பெரிய சோலார் பூங்காக்களிலிருந்தே மலிவாகக் கிடைக்கிறதே என்ற வாதம் தள்ளத்தக்கதன்று. ஆனால் கமுதி போன்ற இடங்களில் உற்பத்தியாவது நெடுந்தொலைவு கடந்துதான் ஊர்களுக்கு வருகிறது. வழியில் இழப்பும் உண்டு, கம்பிக்கும் துணைமின் நிலையத்துக்கும் செலவும் உண்டு. கிராமத்துக் கூரையில் உற்பத்தியாவதோ அதே மின்மாற்றியின் கீழ் பகலில் ஓடும் பம்புசெட்டுக்குப் போய்விடும். மாநிலத்தில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாய இணைப்புகள் இருக்கையில் இது சிறிய விஷயமல்ல. மாலை நேர உச்சத் தேவைக்குக் கூரைச் சோலார் உதவாது என்பதையும், ஐப்பசி, கார்த்திகை மழையில் உற்பத்தி குறையும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

2011-இல் தொடங்கிய பசுமை வீடுகள் திட்டத்தில் 300 சதுர அடி வீடுகளுக்கே சோலார் விளக்குகள் தரப்பட்டன. ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி நிழலில்லாக் கூரை போதும். ஆகவே இடம் தடையல்ல.

நான் கேட்பது இதுதான்: இரண்டு மாதத்தில் 200 யூனிட்டுக்குள் செலவழிக்கும் வீடுகளுக்கு, 100 யூனிட் இலவசத்தில் கைவைக்காமல், உற்பத்தியாகும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் நிலையான விலை ஒன்றை நிர்ணயித்து, அதைத் தனி மீட்டரில் கணக்கிட்டு வங்கிக் கணக்கில் வரவு வைக்க ஆணையிடுங்கள். அந்த வரவைக் காட்டிக் கூட்டுறவு வங்கியில் கடன் பெற வழி செய்யுங்கள். முதலில் பம்புசெட்டுகள் மிகுந்த சில மின்பாதைகளில் இதை நடத்திப் பார்த்து, மானியம் எவ்வளவு குறைந்தது என்ற கணக்கை அடுத்த கட்டண விசாரணையில் பொதுமக்கள் முன் வைக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
200 யூனிட்டுக்குள் செலவழிக்கும் ஒரு மின் நுகர்வோர்