ஒரு கணக்கு நோட்டுக்கு நன்றி

புதுக் கடல்பாசி இனத்தைப் பற்றிய எங்கள் கட்டுரையை ஏற்றுக்கொண்டார்கள். நேற்று ராத்திரிதான் மின்னஞ்சல் வந்தது. கை இன்னும் நடுங்குகிறது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். குளிர்பெட்டியில் வைத்த பாசி மாதிரிகள் பெரும்பாலும் வீணாய்ப்போன கதை உங்களுக்கெல்லாம் தெரியும், அதை மறுபடி கிளற வேண்டாம்.

மிஞ்சிய பாசியில் பெண்செடி ஒன்றுகூட இல்லை. டிஎன்ஏ வேறு இனம் என்றுதான் சொன்னது. ஆனால் கஞ்சிப்பாசி என்கிற இந்தச் சிவப்புப்பாசி வகையறாவில், பெண்செடியின் மேல் வேர்க்குரு மாதிரி புடைத்திருக்கும் சிஸ்டோகார்ப்பை, அதாவது வித்து உண்டாகும் உறுப்பை, வெட்டிக் காட்டாமல் புது இனம் என்றால் யார் நம்புவார்கள்? கச்சான் என்கிற மேலைக்காற்று வேறு தொடங்கியிருந்தது, கடலில் இறங்க வழியில்லை.

இடிந்தகரையில் அக்கா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வெட்கமில்லாமல் அழுதேன். "ஏட்டி, இந்தச் சவத்துக்கா இப்படி அழுவுத?" என்று உள்ளே போனவர், அம்மிக்கல்லுக்கு அடியிலிருந்து மகனின் பழைய கணக்கு நோட்டை உருவிக்கொண்டு வந்தார். சிங்கிறால் வலையில் சிக்கி வந்த பாசியாம். போன வருஷம் அதே திண்ணையில் நான் பாசியைத் தாளில் விரித்ததைப் பார்த்து வைத்திருக்கிறார். பாசிக்குப் பசை வேண்டாம், அதன் வழவழப்பே தாளைப் பிடித்துக்கொள்ளும். மேலே துணி போடாவிட்டால் அடுத்த தாளோடும் ஒட்டிவிடும். அக்கா பழைய வேட்டியைக் கிழித்துப் போட்டிருந்தார். வெயில் பட்டால் சிவப்பு வெளுக்கும் என்று நிழலிலேயே காயவிட்டிருந்தார். அதை நான் சொல்லிக் கொடுத்ததாக நினைவில்லை. எட்டாம் வாய்ப்பாட்டின் மேல் ஒரு செடி. செடி முழுக்க வேர்க்குரு.

அந்தப் பக்கம்தான் இன்று ஹோலோடைப், அதாவது புது இனத்தின் பெயருக்கே ஆதாரமான மாதிரி. கோடு போட்ட தாளோடு அப்படியே ஹெர்பேரியம் எனும் உலர்செடிக் காப்பகத்தின் அட்டையில் ஒட்டிக் கொடுத்துவிட்டோம்.

டீசலுக்குக் காசு வாங்காத வள்ளக்கார அண்ணன்மார், இரண்டு மணி வரை முழித்துப் படம் திருத்திய தங்கச்சி, ரத்தம் வர பிளேடால் சீவல் எடுத்த தம்பி, எல்லோருக்கும் நன்றி. அப்புறம் பங்குச் சாமியார். 2012 முதல் புது இனத்தின் விவரத்தை ஆங்கிலத்திலேயே எழுதலாம், ஆனால் பெயர் லத்தீன்தான். பேரினப் பெயர் பெண்பால் என்பதை மறந்து இனப்பெயரின் வாலை ஆண்பாலாக முடித்திருந்தேன். செமினரியில் படித்த லத்தீனை வைத்து நொடியில் பிடித்துவிட்டார்.

இனி எதையும் ஒரே இடத்தில் வைக்க மாட்டேன். ஒரு துண்டு ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லில், ஒரு தாள் வேறு ஊரில். இது சத்தியம்.

அக்கா மகனே, உன் நோட்டின் அந்தப் பக்கம் திரும்ப வராது. சனிக்கிழமை புது நோட்டு வாங்கி வருகிறேன். எட்டு ஏழு 54 என்று எழுதியிருக்கிறாய் ராசா. அதை இனி யாரும் திருத்தவும் முடியாது.