பதினைந்து வருஷமும் ஐந்து வருஷமும்

மஸ்கெலியா
ஞாயிறு இரவு

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் சுகம். நீயும் சுகமா என்று கேட்பதுதான் முறை. ஆனால் போன ஞாயிறு நான் போனை வைத்த விதத்துக்கு நீ சுகமாக இருந்திருக்க மாட்டாய். திரும்ப எடுத்துப் பேசலாம் என்று நாலு நாள் நினைத்தேன். போனைக் கையில் எடுத்தால் வார்த்தை வரவில்லை. அதோடு வரிசை வீடான நம் லயத்துச் சுவர் உனக்குத் தெரியாததா? முதல் காம்பராவில் தும்மினால் நாலாம் காம்பராவில் இருந்து ‘நூறு வயசு’ என்பார்கள். அதனால் உன் அக்கா மகளிடம் கொப்பியில் நாலு தாள் கிழித்து வாங்கி எழுத உட்கார்ந்திருக்கிறேன். அப்பா தூங்கிவிட்டார்.

“அவ எனக்கு அஞ்சு வயசு மூத்தவம்மா” என்று நீ சொன்னாய். “ஊரில் வேற பிள்ளையே இல்லையா?” என்று நான் கேட்டேன். அதற்குப் பிறகு நீ என்ன சொன்னாய் என்று எனக்குத் தெரியாது, ஏனென்றால் வைத்துவிட்டேன்.

இந்த ஒரு வாரமாக எனக்கு ஒரு பழைய சீரியல்தான் ஞாபகம் வந்துகொண்டிருக்கிறது. சிரிக்காதே.

2020 மார்ச்சில் நீ கொழும்பில் அந்தச் சின்ன அறைக்குள் அடைபட்டுக் கிடந்தாய். நாடு முழுக்க ஊரடங்கு, ஆனாலும் தேயிலைத் தோட்டத்துக்கு வேலை உண்டு. விடியப் பெரட்டுக்குப் போய்ப் பேர் பதிந்து, கொழுந்து எடுத்து, பின்னேரம் வந்து கதவைச் சாத்தினால் டீவிதான் கதி. ஜீ தமிழில் ‘நீதானே எந்தன் பொன்வசந்தம்’ தொடங்கி அப்போது ஒரு மாசம் ஆகியிருந்தது. சூர்ய பிரகாஷ் என்று நாற்பது தாண்டிய பெரிய தொழிலதிபர், ஜெய் ஆகாஷ் நடித்தார். அவர் மேல் ஆசை வைக்கும் அனுவுக்கு இருபது சொச்சம், சாதாரணக் குடும்பத்துப் பெண். இவ்வளவுதான் கதை. அந்த மார்ச்சிலேயே அங்கே படப்பிடிப்பும் நின்றுபோய், மாசக்கணக்கில் புதுசாக ஒன்றும் வரவில்லை. கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் வரிசையில் நிற்கும்போது நாங்களே மிச்சக் கதையைப் பேசி முடித்துக்கொண்டோம்.

என்ன பேசினோம் தெரியுமா? “பாவம் அந்த மனுஷன், எத்தனை நாளைக்குத் தனியாக இருப்பார்” என்று பேசினோம். பெண்ணைப் பெற்றவர்கள் தயங்கினால் எங்களுக்குக் கோபம் வந்தது. மூன்றாம் காம்பரா அக்கா, வாய் திறந்தால் வசவு தவிர வேறு வராதே, அவளே கண்ணைத் துடைத்தாள். இருபது வயசு வித்தியாசம் அடுக்குமா என்று ஒருத்தி கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அவர் கார், பங்களா, கோட் சூட் என்று இருந்தார். அதே வயசுக்காரர் கொழுந்து லொறி ஓட்டுகிறவராக இருந்து, நம் லயத்து இருபது வயசுப் பிள்ளையைப் பார்த்துச் சிரித்திருந்தால் நாங்களே இடுப்பில் கட்டின படங்கை அவிழ்த்து அடித்திருப்போம்.

அந்தக் கதை முதலில் 2018இல் மராத்தியில் வந்ததாம், ‘துலா பாஹதே ரே’ என்ற பெயரில். பிறகு கன்னடம், தெலுங்கு, தமிழ் என்று ஒவ்வொரு பாஷையாகப் போயிருக்கிறது. உன் அக்கா மகள்தான் போனில் பார்த்துச் சொன்னாள். அந்த மராத்திக் கதையில் பாதி வழியில் பூர்வஜென்மத்தைக் கொண்டுவந்துவிட்டார்களாம். அந்தச் சின்னப் பெண்தான் அவருடைய செத்துப்போன முதல் மனைவியின் மறுபிறவியாம். எனக்குச் சிரிப்பு வந்தது. போன பிறவியிலேயே பெண்டாட்டி என்றால் வயசுக் கணக்கு சரியாகிவிடும் இல்லையா? கதை எழுதினவருக்கே அந்த இருபது வருஷத்தை என்ன செய்வதென்று தெரியவில்லை போல.

சரி, அது டீவி. நம் வீட்டுக் கணக்கை எடுத்துக்கொள்.

அப்பா 1950இல் பிறந்தவர், நான் 1965. என் அம்மாவின் கடைசித் தம்பி அவர். உறவு உனக்குத் தெரியும், ஆனால் முப்பத்தைந்து வயசுவரை அவர் ஏன் கட்டாமல் இருந்தார் என்று உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். 1964இல் தோட்டத்துச் சனத்தை இந்தியாவும் இலங்கையும் பங்கு போட்ட ஸ்ரீமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் வந்த பிறகு, இந்தியாவுக்கு எழுதிப் போட்ட குடும்பம் அவர்களுடையது. பெரியப்பா முதலில் போய்க் கூடலூர்ப் பக்கம் சேர்ந்தார். அப்பாவுக்கும் இந்தியப் பாஸ்போர்ட் வந்துவிட்டது. பாட்டி படுத்த படுக்கையாக இருந்ததால் அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று தள்ளிப்போனது. கட்டிலுக்கு அடியில் இருக்கிறதே அந்தத் தகரப்பெட்டி, அது அந்தப் பயணத்துக்கு வாங்கினது. இன்றைக்கோ நாளைக்கோ கப்பல் ஏறப்போகிறவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? இருபத்தைந்து போனது, முப்பது போனது. 1984இல் சண்டையால் தலைமன்னார்க் கப்பலே நின்றுவிட்டது. பெட்டி அடுக்கினபடியே இருந்தது, ஆள் போக வழியில்லை. “அக்கா மகள் இருக்கிறாளே” என்று யாரோ எடுத்துவிட்டார்கள். அடுத்த வருஷம் கல்யாணம்.

என்னை யாரும் கேட்கவில்லை. இதை நான் உன் அக்காவிடம்கூடச் சொன்னதில்லை. வயசைப் பற்றியும் யாரும் பேசவில்லை. தாய்மாமன், உரிமைக்காரன், முடிந்தது பேச்சு. சின்ன வயசில் மாமா என்று கூப்பிட்ட ஆளை இன்றைக்கும் மாமா என்றுதான் கூப்பிடுகிறேன். 2003இல் சட்டம் வந்து அவருக்கு இந்த நாட்டுப் பிரஜாவுரிமை கிடைத்தபோது வயசு ஐம்பத்து மூன்று. அன்றைக்குப் பெட்டியைத் திறந்து, அந்தப் பழைய பாஸ்போர்ட்டை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப உள்ளேயே வைத்தார்.

அவரோடு நான் கெட்டுப்போனேன் என்று சொல்லமாட்டேன். நல்ல மனுஷன். குடித்துவிட்டு ஒரு நாள் கை ஓங்கினார், அடுத்த நாள் அவரே வெட்கப்பட்டார், அதோடு சரி. ஆனால் அந்தப் பதினைந்து வருஷம் எங்கேயும் போய்விடாது, தம்பி. மவுசாகலை அணை கட்டிப் பழைய மஸ்கெலியா டவுன் 1969இல் தண்ணிக்குள் போனபோது அவருக்குப் பத்தொன்பது, எனக்கு நாலு. மழை பொய்த்து நீர் இறங்கும் வருஷத்தில் பழைய கோயில் வெளியே தெரியுமே, அப்போது என்னைக் கூட்டிக்கொண்டு போய்ச் சேற்றில் நின்று கையை நீட்டி நீட்டிக் காட்டுவார். இங்கேதான் சலூன், இங்கே சாப்புக்கடை, இந்த மூலையில் நின்றுதான் நாங்கள் பொம்பிளைகளைப் பார்ப்போம் என்பார். நான் வெறும் சேற்றைப் பார்த்து ‘ம்’ கொட்டுவேன். எனக்கு ஞாபகம் தெரிந்த நாள் முதல் அந்த இடத்தில் தண்ணிதான். அவர் கூட்டாளிகள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள், அந்தத் தெருவைப் பற்றிப் பேச இப்போது அவருக்கு என்னைவிட்டால் ஆளில்லை. எனக்கோ அதில் ஒரு கடையும் தெரியாது.

இப்போது அவருக்கு எழுபத்தைந்து, எனக்கு அறுபது. ஒரு கண்ணில் புரை எடுத்தாயிற்று, மற்றது இன்னும் பாக்கி. ராத்திரி இரண்டு தரம் எழுந்திருப்பார். கக்கூசுக்குப் போக ஏழு படி இறங்கவேண்டும். முன்னால் நான், என் தோளில் அவர் கை. ஒவ்வொரு படிக்கும் “இறங்கு” என்று சொல்லவேண்டும், சொல்லாவிட்டால் காலைத் தூக்கியபடியே நிற்பார். இப்போது மலை யாத்திரை சீசன். வெளியே வந்தால் சிவனொளிபாத மலைக்கு ஏறுகிற பாதையில் லைட் வரிசை உச்சிவரைக்கும் தெரியும். “எரியுதா?” என்று கேட்பார். “எரியுது மாமா” என்பேன். உள்ளே வந்து படுத்தால் அவர் உடனே தூங்கிவிடுவார், எனக்குத் தூக்கம் வராது.

அப்படித் தூக்கம் வராத ஒரு ராத்திரி, இந்த வாரம்தான், நம் லயத்தின் பன்னிரண்டு காம்பராவையும் மனசுக்குள் எண்ணினேன். ஐந்தில் பொம்பிளைகள் தனியாக இருக்கிறார்கள். எல்லோரும் வயசு மூத்த புருஷனைக் கட்டினவர்கள். ஆறாவதாக நான் எப்போது என்பதுதான் பாக்கி. அப்போதுதான் உன் ஐந்து வருஷத்தைப் போட்டுப் பார்த்தேன். பொம்பிளைகள் எப்படியும் ஆம்பிளைகளைவிட நாள் கூட இருக்கிறவர்கள். உனக்கு எழுபது ஆகும்போது அவளுக்கு எழுபத்தைந்து. யார் தோளில் யார் கை என்று தெரியாமல் இரண்டு பேரும் சேர்ந்தே படி இறங்குவீர்கள். பெண் இளையவளாகத்தான் இருக்கவேண்டும் என்று முதன்முதலில் கணக்குப் போட்ட மகராசன் கல்யாண நாளோடு கணக்கை நிறுத்திவிட்டான் போல.

இன்னொன்றும் சொல்லவேண்டும். உன் அக்கா மகள் ஒரு கொரிய நாடகம் காட்டினாள். 2018இல் வந்தது, மொத்தம் பதினாறு எபிசோட். கீழே ஓடுகிற எழுத்தை அவள் வாசித்து வாசித்துச் சொல்ல, நான் வெங்காயம் உரித்துக்கொண்டே பார்த்தேன். முப்பத்தைந்து வயசுப் பெண், தோழியின் தம்பியை விரும்புகிறாள். ‘சோறு வாங்கித் தருகிற அழகான அக்கா’ என்பதுதான் கொரியப் பாஷையில் அதன் தலைப்பாம். அங்கேயும் இளையவன் மூத்தவளை அக்கா என்றுதான் கூப்பிடுகிறான்! அதில் அந்தப் பெண்ணின் அம்மா வருவாள். பையன் நல்லவன், தெரிந்த குடும்பம், ஆனாலும் அந்தஸ்து போதாது என்று அவள் போடுகிற ஆட்டம் இருக்கிறதே, அப்பா! “இந்த அம்மாவை எனக்குப் பிடிக்கவே இல்லை பாட்டி” என்று பேத்தி சொன்னாள். எனக்கும் பிடிக்கவில்லை. வெங்காயத்தை உரித்து முடித்தபோதுதான், போன ஞாயிறு நான் போனில் பேசின குரல் அந்தப் பொம்பிளையின் குரல்தான் என்று உறைத்தது.

எனக்குப் பயமே இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். அவளுக்கு முப்பத்து நாலு என்கிறாய். பிள்ளை குட்டி விஷயத்தை நீங்கள் இரண்டு பேரும் பேசி, ஒரு டொக்டரையும் பார்த்துவிடுங்கள், என்னிடம் சொல்லவேண்டியதில்லை. லயத்தில் பேசுவார்கள். சூர்ய பிரகாஷுக்காக அழுத அதே வாய்தான் பேசும். மூன்றாம் காம்பரா அக்காவை நான் பார்த்துக்கொள்கிறேன், அவள் கல்யாணக் கதையும் எனக்குத் தெரியும்.

அப்புறம், அந்தக் கொரியாக்காரி மாதிரி எந்நேரமும் அவளையே சாப்பாட்டுக்குக் காசு கொடுக்க விடாதே. உன்னைவிடச் சம்பளம் கூட என்றாலும் பாதியாவது நீ கொடு.

அப்பாவிடம் வியாழக்கிழமை சொன்னேன். தேத்தண்ணியை ஊதி ஊதி முழுக்கக் குடித்து முடித்துவிட்டு, “எவ்வளவு மூத்தவ?” என்றார். ஐந்து என்றேன். “எனக்கும் உனக்கும் எவ்வளவு?” என்றார். அவருக்குத் தெரியாதா என்ன! நான் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “அந்தப் பிள்ளை பேர் என்ன?” என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை, தம்பி. வயசைக் கேட்டேன், பேரைக் கேட்கவில்லை.

சித்திரை வருஷத்துக்குக் கூட்டிக்கொண்டு வா. சீசன் சனம் இருக்கும், ஹட்டனில் இறங்கினால் மஸ்கெலியா பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காது, விடியக்காலை ரயிலிலேயே வந்துவிடுங்கள். இங்கே குளிர், அவளுக்கு ஒரு ஸ்வெட்டர் எடுத்துவரச் சொல். அப்பாவுக்குக் கண்ணில் விடுகிற மருந்து முடியப்போகிறது, டொக்டர் எழுதின சீட்டை இதோடு வைத்திருக்கிறேன், இரண்டு போத்தல் வாங்கி வா. கதிரை ஒன்றுதான் இருக்கிறது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். கட்டிலுக்கு அடியில் இருக்கும் பெட்டியை இழுத்துப் போட்டு மேலே ஒரு துணி விரித்தால் இரண்டு பேர் உட்காரலாம் என்கிறார் அப்பா. நாளைக்குத் தூசி தட்டவேண்டும்.

கடிதம் கிடைத்ததும் போன் எடு. பேரைச் சொல்.

இப்படிக்கு
அம்மா