விறைத்த கை

அன்பு மகளுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ போனை வைத்த விதம் இரண்டு நாளாக என் மனத்தை அரித்துக்கொண்டிருக்கிறது. நீ கத்தவில்லை. "சரி அம்மா, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றாய். உன் வாயில் அந்தச் "சரி அம்மா" வந்தால் கதவைச் சாத்திவிட்டாய் என்று அர்த்தம். பெற்றவளுக்கு அது தெரியாதா?

மீட்டிங்கில் எல்லோர் முன்னிலையிலும் மேலாளர் உன் வேலையைக் குறை சொன்னார், நீயும் சுடச்சுடத் திருப்பிக் கொடுத்துவிட்டாய் என்று சொல்ல ஆரம்பித்தாய். பாதியைத் தாண்டவில்லை, "கொஞ்சம் பொறுமையாகப் பேசியிருக்கலாமே" என்று பாய்ந்துவிட்டேன். பொறுமையைப் பற்றிப் பாடம் எடுக்க வந்தவளால் மூன்று நிமிஷம் பொறுக்க முடியவில்லை.

உன்னை ஜூடோவில் சேர்த்துவிட்டு ஓரமாக உட்கார்ந்திருந்த என்னை, "சும்மா இருப்பதற்கு நீங்களும் வரலாமே" என்று மாஸ்டர் இழுத்துவிட்டது நினைவிருக்கிறதா? 43 வயதில் வெள்ளை பெல்ட். நீ மூன்றே வருஷத்தில் விட்டுவிட்டாய். எனக்கு முழங்கால் மறுக்கும்வரை விட மனம் வரவில்லை.

முதல் சில மாதங்கள் என் கை கட்டையாக இருந்தது. எதிரே நிற்பவரின் கழுத்துப்பட்டையையும் சட்டைக்கையையும் பிடித்த உடனே இரண்டு முழங்கையையும் பூட்டி நீட்டிவிடுவேன், அவர் கிட்டேயே வரக்கூடாது என்று. மாஸ்டர் ஒரு நாள் பதினைந்து வயதுப் பெண் ஒருத்தியை என் எதிரே நிறுத்தினார். அவள் என் கையைச் சற்றே பக்கவாட்டில் இழுத்தாள், அவ்வளவுதான். கையோடு நானும் முழுசாகப் போய் விழுந்தேன். "விறைத்த கை உங்களைக் காப்பாற்றாது, உங்களைப் பிடித்து ஆட்ட அவளுக்குக் கைப்பிடிதான் கொடுக்கிறது" என்றார். முழங்கையைத் தளர்த்தக் கற்றுக்கொண்ட பிறகு இன்னொன்றும் புரிந்தது. அவளுடைய எடை எந்தக் காலுக்கு மாறுகிறது என்பது துணி வழியாகவே என் விரலுக்கு வந்து சேர்ந்தது. தாய்ச்சி என்ற சீனத் தற்காப்புக் கலையில் இரண்டு பேர் கையோடு கை வைத்துச் செய்யும் பயிற்சி ஒன்று உண்டு. தொடுகையால் எதிராளியை அறியும் அந்தத் திறனுக்குச் சீனர்கள் 'கேட்பது' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். காதால் கேட்காத ஒன்றுக்கு அந்தப் பெயர்!

ஞாயிறன்று நான் நீட்டியது அதே கட்டைக் கையைத்தான்.

உன் மேலாளர் விஷயத்துக்கு வருகிறேன். ஜூடோவைத் தொடங்கிய ஜிகோரோ கானோ சிறிய உடம்புக்காரர். 1882இல் டோக்கியோவில் ஒரு கோயிலில், 12 பாய் விரித்த அறையில்தான் ஆரம்பித்தார். அவர் சொன்ன கணக்கு ஒன்று உண்டு. எதிராளியின் பலம் 10, என் பலம் 7. அவர் தள்ளும்போது நானும் தள்ளினால் தோற்பது நான்தான். விலகி இடம் கொடுத்தால் அவர் முன்னால் சரிந்து நிலை தடுமாறுவார். அந்தக் கணத்தில் அவர் பலம் வெறும் 3. என் 7 என்னிடமே இருக்கிறது.

அந்த மீட்டிங்கில் நீ 7ஐ வைத்து 10ஐத் தள்ளினாய். "எந்தப் பகுதி சரியில்லை என்று சொல்லுங்கள்" என்று ஒரு அடி பின்னால் வைத்திருந்தால், அவர் விவரம் சொல்லியாக வேண்டும். சொல்ல இருந்தால் உனக்கு லாபம். இல்லையென்றால் தடுமாறுவது அவர்தான். அடங்கிப் போ என்று சொல்வதாக எடுத்துக்கொள்ளாதே. அந்தப் புத்திமதி எனக்கே பிடிக்காது. நிலை இழந்து பின்வாங்குகிறவர் சும்மா விழுந்துதான் போவார். கானோவின் கணக்கில் விலகுகிறவர் தன் காலில் உறுதியாக நிற்கிறார். உன் வேலையில் சரியாக இருந்ததற்கு நீ மன்னிப்புக் கேட்கத் தேவையே இல்லை.

ஒன்றுதான் எனக்கு உறுத்துகிறது. கடைசியாக, போன மாதம் அவர் செய்த தப்பை எல்லோர் முன்னாலும் எடுத்துப் போட்டேன் என்றாயே? பத்து வயதில் உனக்கு ஜூடோ பாயில் ஒரு நல்ல பழக்கம் இருந்தது. எதிராளியைத் தூக்கிப் போட்டாலும் அவர் சட்டைக்கையை விடமாட்டாய். தலை அடிபடாமல் இருக்க, விழும்போது மேல்நோக்கி இழுத்துப் பிடிப்பாய். மறுநாளும் அதே ஆளோடுதானே பயிற்சி. அன்று மீட்டிங்கில் சட்டைக்கையை விட்டுவிட்டாய் என்று நினைக்கிறேன். நேரில் இருக்காதவள் சொல்வது, தப்பாகவும் இருக்கலாம். கதையைத்தான் நான் முழுசாகக் கேட்கவே இல்லையே.

ஆகவே இந்த ஞாயிறு போன் செய். முதலிலிருந்து சொல். நடுவில் நான் குறுக்கே பாய்ந்தால், பிடியை விடச் சொல்லி ஜூடோ பாயில் தட்டுவாயே, அதுபோல் போனில் இரண்டு முறை தட்டு. உடனே விட்டுவிடுகிறேன்.

அன்புடன்,
அம்மா