ஒலியியலுக்கு எழுத்துத் தேர்வு மட்டும் போதுமா?

ஆசிரியருக்கு,

ஆங்கிலம் கற்பிக்கப்போகும் பி.எட். மாணவர்களுக்கு ஒலியியல், அதாவது பேச்சொலிகளைப் பற்றிய பாடம், என்றால் பெரும்பாலும் பிரிட்டிஷ் உச்சரிப்பின் 20 உயிரொலி, 24 மெய்யொலிக் குறியீடுகளை மனப்பாடம் செய்து எழுதுவதுதான். வாய்க்கும் காதுக்கும் தேர்வே இல்லை.

தொடங்க வேண்டிய இடம் தமிழ். ‘பாம்பு’ என்ற சொல்லில் முதல் பகரம் வேறு, இரண்டாவது வேறு. இடம் பார்த்து ஒலி தானாக மாறுகிறது, பொருள் மாறுவதில்லை. ஆங்கிலத்தில் மாறிவிடும். பன்றி, பெரிய என்பவற்றுக்கான ஆங்கிலச் சொற்களைத் தமிழில் எழுதினால் இரண்டும் ‘பிக்’தான். ஆங்கில வரிக்கு மேலே தமிழில் உச்சரிப்பு எழுதிவைப்பதை முதலில் நிறுத்த வேண்டும்.

உதட்டுக்கு நான்கு விரற்கடை முன்னால் மெல்லிய காகிதச் சீட்டைப் பிடித்து, ‘முன்பின்’ என்பதில் வரும் பின்னைச் சொல்லுங்கள், சீட்டு அசையாது. குண்டூசியைக் குறிக்கும் ஆங்கிலப் ‘பின்’னுக்குச் சீட்டு படபடக்க வேண்டும். அசையாவிட்டால் ஆங்கிலேயர் காதில் அது குப்பைத்தொட்டியைக் குறிக்கும் ‘bin’ ஆக விழலாம். ஆனால் ‘ஸ்பின்’ சொல்லும்போது அந்தக் காற்று வரக்கூடாது. வந்தால் மாணவர் மிகைப்படுத்துகிறார்.

சொல்லின் கடைசியில் சிக்கல் வேறு. முதுகும் ‘பேக்’, பையும் ‘பேக்’. கடைசி மெய்யை அழுத்திப் பயனில்லை. பைக்கு உயிரை நீட்ட வேண்டும், முதுகுக்குச் சட்டென வெட்ட வேண்டும். தமிழில் வல்லின மெய்யில் சொல் முடியாது என்பதால் குற்றியலுகரம் வந்து ஒட்டிக்கொண்டு ‘பேக்கு’ ஆக்கிவிடும். அடிநாக்கை அண்ணத்தில் ஒட்டியபடியே நிறுத்தி, திறக்காமல் பழக்கினால் உகரம் உதிரும்.

அழுத்தத்துக்கு ரப்பர் பேண்ட் போதும். ‘போட்டோகிராஃப்’ என்பதில் முதல் அசையில் இழுக்க வேண்டும், ‘போட்டோகிராஃபர்’ என்பதில் இரண்டாம் அசையில். மற்ற அசைகள் மங்கி ஒலிப்பதுதான் நம்மவர்களுக்குக் கடினம். எல்லா அசையையும் சமமாக முழங்குவது நம் வழக்கம்.

தேர்வும் எளிது. இருவர் முதுகுக்கு முதுகாக உட்கார வேண்டும். ஒருவர் இத்தகைய இணைகளிலிருந்து 10 சொற்களைக் கலைத்துச் சொல்ல, மற்றவர் கேட்டதன் பொருளைத் தமிழில் எழுத வேண்டும். பிறகு இடம் மாற வேண்டும். எட்டுக்குக் குறைந்தால் பிழை வாயிலா காதிலா என்று ஆசிரியர் ஒருமுறை சொல்லிப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். குறியீடு எழுதத் தரும் மதிப்பெண்ணில் பாதியையாவது பாடத்திட்டக் குழு இதற்கு மாற்றித் தர வேண்டும்.

– ஆங்கிலம் கற்பித்தல் துறை விரிவுரையாளர்கள்,
திண்டுக்கல்