பாப்பாவுக்கு, செஷல்ஸ் நாட்டு மாஹே தீவிலிருந்து

விக்டோரியா
தைப்பூசம் கழிந்த ஞாயிறு

அன்புள்ள பாப்பாவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். அப்பாவுக்கு முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது. காவடி நன்றாக நடந்தது. தார் ரோடு கொதித்ததில் சந்தைப் பக்கத்துக் கடைக்காரர் ஒருவர் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார். நீ சின்ன வயதில் மயில் தோகைக்கு அழுத இடம்.

உன் பொங்கல் போட்டோ வந்தது. இளைத்திருக்கிறாய். ஜனவரியில் மெல்போர்னில் கடும் வெயில் என்று அப்பா சொல்கிறார். அந்த வெயிலில் கழுத்தைச் சுற்றி அவ்வளவு பெரிய ஷால் எதற்கு? சரி, அது உன் இஷ்டம். தலைக்கு எண்ணெய் வை. போனில் கேட்டால் "நல்லா இருக்கேம்மா" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

ஒரு செய்தி சொன்னால் நம்பமாட்டாய். நான் பிராலன் தீவுக்குப் போய்வந்தேன். கோயில் பெண்கள் பதினோரு பேர் சேர்ந்து போனோம். 1986-இல் தாலி கட்டிக்கொண்டு வந்ததிலிருந்து கடை, வீடு, 1992-க்கு அப்புறம் பிள்ளையார் கோயில் என்று இருந்தேன். இந்த நாட்டில் 115 தீவு என்று நீ ஒப்பிப்பாய். எனக்கு இந்த ஒன்றே அவ்வளவு பெரியதாக இருந்தது. வேகப்படகில் ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. இதற்கா இத்தனை வருஷம்?

கடல் தேங்காய் மரங்கள் நிற்கிற வாலே த மே காட்டுக்குள் பத்தடி வைத்ததும் வெயில் காணாமல் போய்விட்டது. நம் ஊர்ப் பனந்தோப்பு மாதிரி இருக்கும் என்று நினைத்தேன். இங்கே ஒரு ஓலையை விரித்தால் நம் கடை வாசலை மூடிவிடும். காற்றடித்தால் தகரக் கூரைமேல் யாரோ நடக்கிற சத்தம். ஆண் மரத்தின் பூக்கதிரில் ஒரு பச்சைப் பல்லி தலைகீழாகத் தொங்கிக்கொண்டு தேனை நக்கியது. நக்கும், நிறுத்தும், ஒரு கண்ணால் என்னைப் பார்க்கும், மறுபடி நக்கும். மற்றவர்கள் முன்னால் போய்விட்டார்கள். நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். கறுப்புக் கிளி கண்ணில் படவில்லை, விசில் மட்டும் கேட்டது. அது கறுப்பே இல்லையாமே, பழுப்பாமே. நீ ஆறாம் வகுப்பில் சொன்னாய், நான் அடுப்படியில் "உம்" கொட்டினேன்.

கூட வந்த பையன் கடல் தேங்காயைத் தூக்கிப் பார்க்கச் சொன்னான். என்னால் முடியவில்லை. இருபது கிலோவைத் தாண்டுமாம். ஒரு காய் முற்ற ஆறேழு வருஷமாம். பிராலனிலும் பக்கத்துக் கூரியூஸ் தீவிலும் தவிர உலகத்தில் வேறெங்கும் தானாக முளைக்காதாம். நம் பூஜை அறையில் தாத்தாவின் திருவோடு இருக்கிறதே, அவர் காசியில் ஒரு பண்டாரத்திடம் வாங்கியது, அது இந்தக் கொட்டையின் பாதிதான். 1768 வரை எந்த மண்ணில் காய்க்கிறது என்று யாருக்கும் தெரியாமல், கடலுக்கு அடியில் மரம் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார்களாம். அப்புறம் அவன் ஒன்று சொன்னான். பச்சைக் காய் தண்ணீரில் மூழ்கிவிடும். உள்ளே அழுகி வெறும் கூடாகிப் போனதுதான் மிதந்து அடுத்த கரைக்குப் போகும், அது எங்கேயும் முளைக்காது. அதைக் கேட்டதிலிருந்து திருவோட்டைத் துடைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு மாதிரி இருக்கிறது.

இதெல்லாம் உனக்கு மனப்பாடம். பள்ளியில் பரிசு வாங்கியவள் நீ. "எம் பொண்ணுக்கு இங்கே இருக்கிற குருவி ஒவ்வொண்ணும் பேர் சொல்லி வரும்" என்று படகில் எல்லாரிடமும் பெருமையடித்தேன். அந்தப் பெண்ணுக்கு அம்மாவுக்கு ரெண்டு வரி எழுத மட்டும் நேரமில்லை. மாப்பிள்ளை குரல் கேட்டது ஆடியில். வேலை அதிகம் என்றாய். யாருக்குத்தான் வேலை இல்லை? நேரத்துக்குச் சாப்பிடு. தலைக்கு எண்ணெய் வை, சூடு தணியும்.

நீ "ப்ரெட் முரும்" என்று கேட்டதற்கு ஒருநாள் கரண்டிக்காம்பால் போட்டேன், ஞாபகம் இருக்கிறதா? வீட்டில் இந்த ஊர்க் கிரியோல் பாஷை பேசாதே என்று. அது நம் முருங்கைதான், இங்கே வந்து வாய் மாறிவிட்டது என்று போன வாரம் கோயிலில் ஒரு பெரியவர் சொன்னார். "கரிபிலே"யும் நம் கறிவேப்பிலைதானாம். 1770-இல் முதல் கப்பலில் வந்து இறங்கியவர்களில் ஐந்து பேர் இந்தியர்கள் என்று அப்பா சொல்லும்போதெல்லாம் சலித்துக்கொள்வேன். அவர்கள் என்ன பேர் வைத்துச் சமைத்தார்களோ.

எழுத வந்ததை இன்னும் எழுதவில்லை. படகில் திரும்பும்போதே தீர்மானித்தேன், எழுதுவதற்கு மூன்று வாரம் ஆகிவிட்டது.

ஆல்டாப்ரா வேலைக்கு நீ போட்ட மனு. ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், ஊரே இல்லாத இடம், ஒரு லட்சம் ஆமையும் விரல் விட்டு எண்ணுகிற ஆட்களும். வயசுப் பெண் அங்கே போய் இருப்பாளா என்று நான் ஆடிய ஆட்டம் உனக்குத் தெரியும். நீ தினமும் தபாலைப் பார்த்தாய். கிடைக்கவில்லை என்று நினைத்துக்கொண்டாய். கிடைத்தது பாப்பா. கடை போனுக்கு வந்தது, அப்பா துறைமுகத்துக்குப் போயிருந்தார், நான்தான் எடுத்தேன். "ஈ பே மார்யே" என்றேன். அவளுக்குக் கல்யாணம் ஆகப்போகிறது என்று. அன்றைக்கு மாப்பிள்ளை வீட்டார் ஜாதகம்கூடக் கேட்டிருக்கவில்லை. அந்த அம்மாள் வாழ்த்துச் சொல்லி வைத்தாள். நான் அரிசி அளக்கப் போய்விட்டேன். அப்பாவுக்கு இன்றுவரை தெரியாது. அதற்கப்புறம்தான் அவசர அவசரமாக மாயவரத்துக்கு எழுதி இடம் பார்க்கச் சொன்னேன்.

அன்ஸ் ரோயால் தோட்டத்துக் கதையை அப்பா கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாரே. 1780-இல் தூரத்தில் கப்பலைப் பார்த்து, ஆங்கிலேயன் கைக்குப் போய்விடக் கூடாது என்று கிராம்பு, ஜாதிக்காய் எல்லாவற்றையும் பிரெஞ்சுக்காரனே கொளுத்திவிட்டான். கிட்டே வந்து பார்த்தால் அவனுடைய நாட்டுக் கப்பல். நானும் சிரித்திருக்கிறேன். இப்போது அவர் அந்தக் கதையை ஆரம்பித்தால் உள்ளே போய்விடுகிறேன்.

பச்சை டிரங்குப் பெட்டியில் உன் ஆமை நோட்டு இருக்கிறது. கரையான் வராமல் வேப்பிலை போட்டு வைத்திருக்கிறேன். பின்கட்டு ஈரப்பலா இந்த வருஷம் காய்த்துத் தள்ளுகிறது. அதைத் தின்றவர்கள் திரும்பி வந்தே தீருவார்கள் என்று இங்கே சொல்வார்கள், நீ தின்ற கணக்குக்கு இந்நேரம் நாலு தடவை வந்திருக்க வேண்டும். உன் பெயரில் நான் போட்டுவைத்த பணம் எடுக்காமல் இருக்கிறது. டிக்கெட்டுக்குப் போதும். சும்மா சொல்லி வைக்கிறேன். அப்பாவைக் கேட்க வேண்டியதில்லை.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். சொல்கிற மாதிரி இல்லையென்றால் சொல்ல வேண்டாம்.

அம்மா