பாப்பாவுக்கு

அன்புள்ள பாப்பா,

நானும் அம்மாவும் நலம். அவளுக்கு முழங்கால் வலி இப்போது தேவலை.

அன்று போனில் வாய்விட்டுச் சிரித்தாய். அதைக் கேட்டு நான் மகிழ்வதற்குள் சட்டென்று நிறுத்திக்கொண்டு, "சிறுபிள்ளைத்தனமாகச் சிரித்துவிட்டேன், மன்னித்துவிடுங்கள் அப்பா" என்றாய். பெற்ற அப்பனிடம் சிரித்ததற்கு மன்னிப்பா? 'சிறுபிள்ளைத்தனம்' என்ற சொல் உன்னுடையது அல்ல. யார் வாயிலிருந்து வந்தது என்று நான் கேட்கப் போவதில்லை.

'சிறுபிள்ளை வேளாண்மை விளைந்தும் வீடு வந்து சேராது' என்ற பழமொழியின் ஏளனம் முழுவதும் அந்தச் சொல்லில் இருக்கிறது. வளர்ந்தவர்களைக் குத்துவதற்கென்றே வைத்திருக்கும் சொல். வீண் பிடிவாதத்துக்கும் பொறுப்பில்லாமைக்கும் அது பொருந்தும். உன்னிடம் அவை எங்கே இருக்கின்றன?

உன்னை வெகுளி என்றால் ஒப்புக்கொள்வேன். குறளில் 'வெகுளாமை' என்று ஓர் அதிகாரமே உண்டு. அங்கே வெகுளி என்றால் கோபம். இன்றோ சூதுவாது தெரியாதவரை அப்படிச் சொல்கிறோம். எனக்கு இதில் ஒரு பொருத்தம் தெரிகிறது. கோபக்காரருக்கும் சரி, கள்ளமில்லாதவருக்கும் சரி, மனத்தில் இருப்பதை மறைக்கத் தெரியாது.

அத்தை கூடத்தில் தனியாக உட்கார்ந்திருந்த அன்று, நாங்கள் எல்லோரும் பார்க்காததுபோல் நடமாடிக்கொண்டிருந்தோம். வேலையிலிருந்து வந்த நீ, தோள்பையைக்கூட இறக்காமல் அவள் எதிரே தரையில் உட்கார்ந்து, "ஏன் அத்தை அழுகிறீர்கள்?" என்று கேட்டாய். அதன் பிறகுதான் அவள் மறுபடி நம் வீட்டில் கை நனைத்தாள். பெரியவர்கள் யாருக்கும் வராத துணிச்சல் அது.

அதற்காக நீட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டுவிடாதே. நகை விஷயத்தில் என் பேச்சை நீ கேட்கவில்லை. சரி, அது போகட்டும். வெகுளியாக இரு, ஏமாளியாக இராதே. எதையும் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடு. வேளைக்குச் சாப்பிடு. வாரம் ஒருமுறையாவது பேசு. இரவு எந்நேரமானாலும் நான் எடுப்பேன். படித்துப் பார்க்காமல் மட்டும் எதிலும் கையெழுத்துப் போடாதே.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். இந்தக் கடிதத்தை ஒளித்து வைக்க வேண்டாம். அவரும் படிக்கட்டும்.

அன்புடன்,
அப்பா